வில்சனுக்குத் தெரியாமல் இருக்க ஜெபிக்கவும்

ஆசுபத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பியவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்வது எங்கள் சபையில் வழக்கம். எனக்குக் குரல் நன்றாக இருந்த காலத்திலேயே நான் அப்படி எழுந்தவள் அல்ல. கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால்தான் என் இடம். இப்போது எழுந்தாலும் சத்தம் அடுத்த பெஞ்சு வரைக்கும் போகாது. அதனால் உபதேசியார், எழுதித் தந்தால் தானே வாசிப்பதாகச் சொன்னார். அவர் வாசித்ததால் எனக்கு வந்த பாடு அவருக்கே தெரியும். இருந்தும் எழுதுகிறேன். இன்றைக்கு எனக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

எனக்கு ஒரே மகன், வில்சன். அவனுடைய அப்பா போன பிறகு வீட்டில் நானும் மருமகள் ஷைனியும்தான். வில்சன் வளைகுடாவில் ஒரு பாலைவனத்து முகாமில் வேலை செய்கிறான். முகாம் அமெரிக்கப் பட்டாளத்துடையது. சம்பளம் கொடுப்பது ஒரு கம்பெனி. பட்டாளத்துக்காரர்களின் அழுக்குத் துணியை எண் போட்ட வலைப் பைகளில் வாங்கி, துவைத்து, உலர்த்தி, மடித்துத் திருப்பிக் கொடுப்பது அவன் வேலை. துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்து மீன்காரிக்கு வாய் சும்மா இருக்காது. “டி.வி.யில அமெரிக்காக்காரன் போட்டிருக்க உடுப்பு உனக்க மவன் வெளுத்ததாக்கும். பார்த்தியா, எவ்வளவு வெளுப்பு” என்பாள்.

துவைக்கும் முன்னால் ஒவ்வொரு உடுப்பின் பையையும் தடவிப் பார்க்க வேண்டுமாம். அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று வில்சன் சொல்லுவான். பிள்ளைகள் கலர் பென்சிலால் வரைந்த படம், மனைவி எழுதிய கடிதம், மருந்துச் சீட்டு. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, தேடி வருகிறவர்களுக்குக் கொடுப்பான். கேத்தி என்ற ஒரு பட்டாளத்துப் பெண் துணி வாங்க வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்று பேசுவாளாம். அவள் ஊரில் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை சோளக்காடு. அம்மா பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறாள். மாசத்துக்கு ஒரு பெட்டி நிறைய காலுறையும் வீட்டில் சுட்ட பிஸ்கட்டும் அனுப்பி, “நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா” என்று மட்டும் எழுதுவாளாம். அவர்கள் சர்ச்சிலும் ஞாயிறுதோறும் பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைகளின் பெயரை வாசிப்பார்களாம். அதைக் கேட்ட நாள் முதல் எனக்கு அந்தத் தாயை முன்பே தெரிந்தது போல இருந்தது.

என் நோவு வெளியே வந்தது ஒரு போட்டோவால். சபைக் குடும்பங்களின் படம் போட்டுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள் என்று படம் எடுக்க ஆள் வந்தது. நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்தே இருந்தேன். தாடையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். ஷைனி அந்த ஆளைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து கழுத்தைத் தொட்டாள். தொண்டைக்கு வலது பக்கம், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. விழுங்கும்போது அதுவும் ஏறி இறங்கியது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது பொய். சேலைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு நான் நடக்க ஆரம்பித்து ஆறு மாசம் ஆகியிருந்தது.

அந்த வாரமே வில்சன் இருக்கிற பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. யார் முதலில் யாரை அடித்தார்கள் என்று நான் சொன்னால் தப்பாகிவிடும். ஒரு நாடு, பிறகு இன்னொரு நாடு, பிறகு அமெரிக்காக்காரர்கள் என்று ஒவ்வொன்றாக இறங்கினார்கள். டி.வி.யில் உலகப்போர் என்ற வார்த்தையை அடிக்கடி சொன்னார்கள். இங்கே கேஸ் சிலிண்டர் வர நாளாகும் என்றதும் ஷைனி பின்னால் கிடந்த விறகடுப்பை மெழுகினாள். பாறசாலைக் கடைகளில் எண்ணெய் வாங்கக் கூட்டம். விமானம் ஓடவில்லை. எங்கள் தெருவில் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடு ஏழு. சாயங்காலமானால் அந்த ஏழு வீட்டுப் பெண்களும் ஒரு வீட்டில் கூடி டி.வி. பார்த்தோம். தனியாகப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

முகாமில் வில்சனின் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திருப்பித் தருவார்கள். படம் காட்டிப் பேசக் கூடாது. இருக்கிற இடம் தெரிந்துவிடும். அதனால் அவன் குரலைப் பதிந்து அனுப்புவான், நாங்களும் பதிந்து அனுப்புவோம். முன்பு ஒரு வாரத்துக்கு வந்த துணி இப்போது ஒரு நாளைக்கு வருகிறது என்றான். புதிதாக நிறைய ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். சைரன் அடித்தால் பெரிய சிமெண்டுக் குழாய்க்குள் போய் உட்கார வேண்டுமாம். “அம்மா, அதுக்குள்ள நல்ல குளிர்ச்சியாக்கும், ஏ.சி. தோத்துப் போவும்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை ஷைனி மூன்று முறை போட்டுக் கேட்டாள். அது மெய்யான சிரிப்புத்தானா என்று எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பாறசாலையில் பார்த்த டாக்டர் திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆசுபத்திரி. முதல் நாள் காலை ஏழு மணிக்குப் போய் டோக்கன் எடுத்தோம். கூப்பிடும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அந்தக் காத்திருக்கிற ஹாலிலும் ஒரு டி.வி. அதில் புகை. நோயாளிகள் எல்லாரும் தங்கள் சீட்டை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த முகாம் என்று எழுத்து ஓடும். எனக்கு மலையாள எழுத்து வேகமாக ஓடினால் பிடிக்காது. ஷைனி வாசித்து, “அது இல்ல மாமி” என்பாள். பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

தைராய்டு என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒரு சுரப்பி எல்லாருக்கும் இருக்கிறது. உடம்பு சூடாக, சுறுசுறுப்பாக இருப்பது அதனால்தான். அதில் கட்டி வருவது பெண்களுக்குச் சாதாரணம்; பெரும்பாலும் கெட்டது இல்லை. கெட்டதா என்று அறிய ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் வழுவழுப்பான ஒரு பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து அனுப்பினார்கள். ஊசி வலி எறும்புக் கடிதான். முடிவுக்காகக் காத்திருந்த ஐந்து நாள்தான் வலி. நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று முடிவு வந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண், மலையாளத்தில் நிதானமாகப் பேசினாள். அந்தச் சுரப்பிக்குப் பின்னாலேயே நூல் மாதிரி ஒரு நரம்பு போகிறதாம். குரலுக்குரிய நரம்பு அது. கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் அது கொஞ்சம் அசைந்துவிட்டால் சில வாரம், சில மாசம் குரல் கம்மிப் போகலாம், அபூர்வமாக அப்படியே நின்றும் போகலாம் என்றாள். என் முகத்தைப் பார்த்து, “பேடிக்கண்டா அம்மச்சி”, பயப்பட வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். பாட்டுப் பாடுகிற ஆளா என்றும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் பயம் அங்கேதான் வந்து உட்கார்ந்தது. நான் யாரோடும் அதிகம் பேசாதவள்; எனக்குக் குரல் வேண்டியது ஒரே ஒருவனுக்காக. சாயங்காலம் என் குரல் போகாவிட்டால் வில்சன் கேட்பான். கேட்டால் தெரியும். தெரிந்தால் வருவான்.

அவன் வருவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று விடுப்புக் கேட்டதற்கு, கிடையாது என்ற கம்பெனியை விட்டுவிட்டு, மறுநாள் ஒரு கைப்பையோடு வாசலில் வந்து நின்றவன் அவன். இப்போது விமானம் இல்லை. முகாமிலிருந்து அடுத்த நாட்டு எல்லைக்குப் பாலைவன ரோடு ஒன்றுதான் வழி. அந்த ரோட்டில் லாரிகள் எரிந்து கிடந்ததை அந்த ஹால் டி.வி.யில் என் கண்ணால் பார்த்தேன். முகாமில் குழாய் இருக்கிறது, பட்டாளம் இருக்கிறது. ரோட்டில் என்ன இருக்கிறது? அவன் குழாய்க்குள் இருக்க வேண்டுமென்றால் என் கழுத்து அவனுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

ஷைனிதான் வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு வாரத்துக்குரிய பேச்சைப் பதிந்து வைத்து, நாளுக்கு ஒன்றாக அனுப்பலாம் என்றாள். ஆசுபத்திரியில் பதிந்தால் மைக் சத்தம் காட்டிக்கொடுக்கும், வீட்டிலேயே செய்ய வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தோம். எனக்கு வெட்கம். இல்லாத நாளைப் பற்றி என்ன பேசுவது? “மாமி, சும்மா எப்பவும் போல பேசுங்க. இது புதன்கிழமைன்னு நெனச்சுக்கிடுங்க” என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு, ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன் என்றேன். செவ்வாய்க்கு, மீன்காரி வந்தாள் என்றேன். இடையிடையே சேவல் கூவியது. துரத்தத் துரத்தத் திரும்பி வந்தது. திங்கட்கிழமைக்கு உரியதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் ஆபரேஷன்.

“மக்கா, இஞ்ச எல்லாம் சுகம். சாப்பிட்டியா? யாரு கூப்பிட்டாலும் அந்த ரோட்டுக்கு இறங்காண்டாம். அங்கயே இரி. அம்மா சொன்னாத்தான் நீ எங்கயும் போவணும்.”

இதைச் சொல்லிவிட்டுப் போனை ஷைனி கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கோவில் வாசலில் ஜெபப் பெட்டி உண்டு. கஷ்டம் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வாசிக்க, எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம். நான் எனக்காக அதில் போட்டதே கிடையாது. அன்றைக்குப் போட்டேன். சபை மொத்தமும் கேட்டால் கடவுள் முடியாது என்று சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். வீட்டு மனுஷரிடம் சொல்லுகிற மாதிரிதான் அது எனக்கு. ஆராதனையைப் படம் எடுத்து அன்றைக்கே போனில் போடுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்க்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தூணுக்குப் பின்னால் இருக்கிறவளுக்குக் காமிரா கண்ணில் படாது. நினைப்பிலும் படவில்லை.

வெள்ளிக்கிழமை வார்டில் சேர்த்தார்கள். இதயம் தாங்குமா என்று பார்த்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் காமிரா விட்டுக் குரல் நாண்கள் அசைகிறதா என்று பார்த்தார்கள். “ஈ” என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நன்றாக அசைகிறதாம். ஆபரேஷனுக்குப் பிறகும் இதே போல அசையுமா என்று கேட்க வாய் வரவில்லை.

அடுத்த கட்டிலில் கள்ளிக்காட்டுக்காரி சரோஜம். அவளுக்கு இதே ஆபரேஷன் ஆகி மூன்று நாள். கழுத்தில் கட்டு இருக்கும்போதே வார்டு அதிரப் பேசினாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. “எனக்க சத்தம் போயிருந்தா எங்க வீட்டுக்காரரு கோயில்ல வெடிவழிபாடு நடத்தியிருப்பாரு. பாவம், அதுக்கு யோகம் இல்ல” என்றாள். தைலமும் சீப்பும் இரவல் தந்தாள். என் மகன் அமெரிக்கா முகாமில் என்றதும் மட்டும் சத்தத்தைத் தாழ்த்தி, அங்கிருந்து நேற்று ஏதாவது வந்ததா என்று கேட்டாள். அதற்குப் பிறகு டி.வி. பார்க்கப் போகிறவர்களிடமெல்லாம் அவளே விசாரித்து வந்து எனக்குச் சொன்னாள்.

ஞாயிறு சாயங்காலம் ஷைனி பதிந்து வைத்ததை அனுப்பினாள். வில்சனிடமிருந்து பதில் இல்லை. போன் கொடுக்கவில்லை போல என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பழத்தை உரித்தாள். திங்கட்கிழமை காலை பச்சை உடுப்புப் போட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் ஷைனி கூட நடந்து வந்தாள். அங்கே அவள் பெயரைச் சொன்னேன். என் பழைய குரலில் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

கண் திறந்தபோது தொண்டையில் மணல் கொட்டிய மாதிரி இருந்தது. கழுத்திலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ரத்தநீர் வடிய ஒரு சின்ன டப்பா. நர்ஸ் பெயர் கேட்டாள். வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சொல் வரவில்லை. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றாள். மறுநாள் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல மரத்தது. அது சுண்ணாம்புச் சத்துக் குறைவதால் வருவதாம். அந்தச் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன முடிச்சுகள் அதிர்ந்துவிட்டால் அப்படி ஆகுமாம். மாத்திரை கொடுத்துக் கன்னத்தில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த வலி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையும் வில்சனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு தாளில், மூன்று நாள் ஆகிவிட்டது என்று எழுதிக் காட்டினேன். ஷைனி அதை மடித்து வைத்துக்கொண்டாள். புதன்கிழமை காலை மீண்டும் எழுதிக் காட்டியதும் உடைந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். என் சீட்டை உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை அப்படியே வாசித்திருக்கிறார். எனக்குத் திங்கட்கிழமை கழுத்தில் ஆபரேஷன் என்பதையும் வாசித்து, கடைசியில் நான் எழுதியிருந்த, “என் மகன் வில்சனுக்குத் தெரியாமல் இருக்க ஜெபிக்கவும்” என்பதையும் நல்ல கணீரென்ற குரலில் வாசித்திருக்கிறார். சபை முழுவதும் ஆமென் சொல்லியிருக்கிறது. அன்று சாயங்காலம் முகாமில் போன் கிடைத்ததும் வில்சன் முதலில் திறந்தது எங்கள் ஆராதனையைத்தான். ஷைனிக்கு ஒரு வரி மட்டும் எழுதினான்: “எல்லைக்குப் போற பஸ்ஸுக்குப் பேரு குடுத்திட்டேன்.” அதற்குப் பிறகு பேச்சில்லை.

சரோஜம் தன் கட்டிலிலிருந்து எல்லாம் கேட்டுவிட்டாள். இறங்கி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

என் ஜெபத்தாலேயே அவனை ரோட்டில் இறக்கிவிட்டேன். அந்தப் பகல் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. நர்ஸ் கால்சியம் ஊசி போட்டதும், டப்பாவைக் கழற்றியதும் நினைவில் இருக்கிறது. டி.வி.யைப் பார்க்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். சாயங்காலம் ஆறு மணி தாண்டி ஷைனியின் போன் மணி அடித்தது. அவள் அதை என் காதில் வைத்தாள்.

“அம்மா, பேசாண்டாம், கேட்டாப் போதும். நான் முகாம்லதான் இருக்கேன். பஸ்ஸுல ஏறி உட்கார்ந்தாச்சு. மூணு நாளைக்குப் பொறவு அப்பதான் போன் தந்தாவ. ஷைனி எழுதினதும் நீங்க பேசினதும் ஒண்ணா வந்துது. ஆபரேஷன் நல்லபடி கழிஞ்சுதுன்னு பார்த்தேன். பொறவு உங்களுக்க சத்தம். அது முந்தியே பதிஞ்சு வச்சதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாளும் அதே சேவல் அதே மாதிரி கூவுது, அதும் சாயங்காலத்துல. ஆனா கத்திக்குக் கழுத்தக் குடுக்கதுக்கு முன்ன எனக்கு வேண்டி சொல்லி வச்சிருக்கியளே. எறங்கிட்டேன். நீங்க சொல்லாம இனி நான் எங்கயும் போவ மாட்டேன்.”

நான் அழுதால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இழுத்தது. சரோஜம் கையைத் தட்டி, சேவலுக்கு ஒரு பிடி அரிசி கூடப் போடச் சொன்னாள். மூன்று நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கஞ்சி இறங்கியது. கணக்கு சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவு வர ரெண்டு வாரம் ஆகலாம் என்றும் சொன்னார்கள். குரலுக்குப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். தினமும் ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழோடு காற்றாகிவிடும். ஷைனி விறகடுப்பில் கஞ்சி வைத்து, ஆற்றி, ஸ்பூனால் தந்தாள். அவளுடைய அம்மா வந்து கூப்பிட்டும் போகவில்லை. உபதேசியார் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். தவறு என்னுடையதுதானே. அவருக்குக் கொடுத்ததை அவர் வாசித்தார்.

அடுத்த புதன்கிழமை பிஜு என்ற ஒரு பிள்ளை வீடு தேடி வந்தான். நெய்யாற்றின்கரைக்காரன், வில்சனோடு அதே துவைக்கிற இடத்தில் வேலை செய்தவன். கையில் வில்சன் கொடுத்துவிட்ட ஒரு பை. உள்ளே எனக்கு ஒரு போர்வை, அதற்குள் ஒரு பிஸ்கட் டின். கேத்தியின் அம்மா சுட்ட பிஸ்கட். அம்மாவுக்கு சுகமில்லை என்று கேட்டு அவள் கொடுத்தாளாம். எப்படி வந்தாய் மக்கா என்று நான் கேட்டது காற்றாகத்தான் போனது. ஷைனி எனக்காகக் கேட்டாள்.

அந்த பஸ்ஸிலேதான், என்றான். வில்சன் ஏறி இறங்கினானே, அதிலே. ஐந்து மணி நேரத்தில் எல்லை. ரோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. டி.வி.யில் காட்டிய லாரிகள் சண்டையின் முதல் நாள் எரிந்தவை. அவை அப்படியே ஓரத்தில் கிடக்கின்றன. அங்கிருந்து இரண்டு நாள் காத்து விமானம் ஏறினான்.

“அம்மச்சி, ரோடு பரவாயில்ல. முகாம்தான் சரியில்ல. நாங்க வந்ததுக்குப் பெறகு துணி அலக்குற ஷெட்டு மேலயே குண்டு விழுந்துது. ஆளு ஒண்ணும் இல்ல, எல்லாரும் குழாய்க்குள்ள. வில்சன் சொல்லலியா?”

வில்சன் சொல்லவில்லை. ஏ.சி. தோற்றுப்போகும் குளிர்ச்சி என்று சொன்னவன் அவன்.

பிஜு டீயைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். இன்னொரு பஸ் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பெயர் எழுதலாம். எல்லாரும் வில்சனை அழைத்தார்களாம். அம்மா இரு என்று சொல்லியிருக்கிறாள் என்று சிரித்துவிட்டு, மீதித் துணியைக் கையால் துவைத்துக்கொண்டிருக்கிறானாம்.

அவன் போனதும் ஷைனி வில்சனுக்கு எழுதினாள், புறப்படச் சொன்னாள். “அம்மாக்கு சீரியஸா? உள்ளதச் சொல்லு” என்று பதில் வந்தது. இல்லை என்று எழுதினால், “அப்ப அம்மா சொல்லட்டும்” என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் ஒரு வாரம் அவனை ஏமாற்றியவர்கள். எழுதியதையும் நம்ப மாட்டான், பதிந்ததையும் நம்ப மாட்டான்.

இரு என்றதும் நான்தான், ரோட்டைப் பார்த்துப் பயந்து. இப்போது வா என்று சொல்லி, இந்தத் தடவை ரோட்டில் ஏதாவது ஆனால்? பிஜு போனது போன வாரத்து ரோடு. நாளைய ரோடு எப்படி இருக்கும் என்று பட்டாளத்துக்கே தெரியாது. சனிக்கிழமை முழுவதும் நான் போன் பக்கத்தில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஷைனி கோவிலுக்குப் போகிறபோது, சீட்டு ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அது கோழி செருமுவது போலக் கேட்டது. அதைக் கேட்டதும்தான் எனக்குத் தோன்றியது: இந்தக் குரலை யாரும் முன்கூட்டிப் பதிந்து வைத்திருக்க முடியாது.

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். வில்சன் பெயரும், கேத்தி என்ற பெண் பெயரும், பெயர் தெரியாத அவளுடைய அம்மாவும். மறைக்கிற காரியம் ஒன்றும் அதில் இல்லை. உபதேசியார் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

ஷைனி திரும்பி வந்ததும் போனை வாங்கினேன். முதல் தடவை காற்று. இரண்டாம் தடவை பாதியில் உடைந்தது. சேவல் வந்தது, ஷைனி துரத்தப் போனாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஐந்தாவது தடவை, கரகரவென்று, இடையில் மூச்சு வாங்கி:

“மக்கா… அம்மாதான். இது இன்னைக்கு உள்ள சத்தம்… ஞாயிற்றுக்கிழமை. கட்டி எடுத்தாச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சொல்லுதேன்… நீ வா.”

அனுப்பினோம். சாயங்காலம் வரைக்கும் செய்திக்குக் கீழே ஒற்றைக் கோடு, போய்ச் சேரவில்லை. ஆறு மணிக்கு இரண்டு கோடானது. பிறகு அவன் குரல்.

“கேட்டேன் அம்மா. நாலு தடவ கேட்டேன். பேரு எழுதியாச்சு. புதன்கிழமை விடியக்காலத்துல பஸ்ஸு. பஸ்ஸு கெளம்பினா போன் கெடையாது. எல்லை தாண்டினதும் கூப்பிடுதேன்.”

இன்றைக்குப் புதன்கிழமை. சோதனை முடிவு தயாராகிவிட்டது என்று ஆசுபத்திரியிலிருந்து சொன்னதால் ஷைனி தன் போனை என்னிடம் வைத்துவிட்டுக் காலை பஸ்ஸில் திருவனந்தபுரம் போயிருக்கிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. போனை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசில்லை. இரண்டு முடிவும் ஒரே நாளில் வர வேண்டும் என்று இருக்கிறது. அதில் எது முதலில் வந்தாலும் சரி, எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டில் டி.வி. ஓடுகிறது. யாராவது வந்து சொல்வார்கள் என்று வாசலைத் திறந்தே வைத்திருக்கிறேன். எல்லைக்கு ஐந்து மணி நேரம் என்று பிஜு சொன்னான். அவர்கள் நேரத்தை நம் நேரமாக ஷைனி சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதன்படி பஸ் புறப்பட்டு ஆறு மணி நேரம் ஆகிறது.

பயிற்சிக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். நான் இன்று எண்ணவில்லை. போன் அடித்து எடுக்கும்போது காற்று மட்டும் போனால் அவன் பயந்துவிடுவான். அதனால் காலையிலிருந்து அவன் பெயரையே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். வில் என்பது வருகிறது. சன் என்பது இன்னும் உடைகிறது.